எடுத்துச் செல்லும் வானொலிக்கு எந்தப் பற்றரி? எந்தச் சார்ஜர்?



ஹற்றன் பக்கத்தில், வீடுகளை இழந்து ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த குடும்பங்களுக்கு அமெச்சூர் வானொலி பற்றி நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தோம். பெட்டியில் பேசிக் காட்டினோம். தூரத்திலிருந்து பதில் வந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா மட்டும் எழுந்து, "தம்பி, கரண்ட் போனா இந்தப் பெட்டி எத்தனை நாளைக்குப் பேசும்?" என்று கேட்டார். அன்று எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இந்தப் பாடத்தில் தருகிறோம்.

ஏன் இது நமக்குத் தேவை?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் எண்ணற்ற மண்சரிவுகளை உண்டாக்கியது. பாதைகள் அடைபட்டன. மின்சாரம் நின்றது. பல இடங்களில் கைத்தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அத்தகைய நாட்களில், "எங்கள் டிவிசனில் இத்தனை பேர் இருக்கிறோம், நோயாளி ஒருவர் இருக்கிறார், மேல் பாதையில் வர முடியாது" என்ற மூன்று வசனங்களை வெளியே அனுப்புவதே பெரிய உதவி.

அமெச்சூர் வானொலி இதைச் செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தபின், இலங்கை வானொலிச் சங்கத்தின் அப்போதைய தலைவர் விக்டர் குணதிலக்கவும் (அவரது அழைப்புக்குறி 4எஸ்7விகே) நண்பர்களும் சிற்றலைப் பெட்டிகள் மூலம் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் இணைத்தார்கள். அவர்களது கட்டுப்பாட்டு நிலையம் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்திலேயே இருந்தது. அதே நாட்களில் அந்தமானில், அமெச்சூர் வானொலிப் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண்மணி, போர்ட் பிளேயரிலிருந்து செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தார்.

மலைநாட்டில் சிற்றலைக்கு ஒரு தனி வசதியும் உண்டு. கையில் பிடித்துப் பேசும் சிறிய பெட்டியின் அலை, குறுக்கே ஒரு மலை நின்றால் பெரும்பாலும் அங்கேயே தடைப்படும். ஆனால் 7 மெகாஹேர்ட்ஸ் சிற்றலையில், ஏறத்தாழ 20 மீட்டர் கம்பியைத் தாழ்வாகக் கட்டிப் பேசினால், அலை நேரே மேலே போய் வானத்திலிருந்து திரும்பி, மலைக்கு அப்பாலும் இறங்கும். பகலில் இது நன்றாக வேலை செய்யும்.

ஒன்றை மறக்கக்கூடாது. அமெச்சூர் வானொலியில் பேசுவதற்குப் பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். எல்லோரும் பரீட்சை எழுத வேண்டியதில்லை. தோட்டத்தில் ஒருவர் அனுமதி பெற்றாலும் போதும். மற்றவர்கள் செய்யக்கூடிய முக்கியமான வேலை, பற்றரியைத் தயாராக வைத்திருப்பதுதான்.

நாங்கள் செய்த பிழை

முதலில் நாங்கள் கார் பற்றரி ஒன்றை வைத்திருந்தோம். லயங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்காக அத்தகைய பற்றரியை டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் செய்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். தெரிந்த பொருள்தானே என்று நாங்களும் அதையே நம்பினோம். அதன் நிறை 12 கிலோ. பாதை அடைபட்ட ஒரு நாளில் இரண்டு இளைஞர்கள் அதைத் தடியில் கட்டி, வழுக்கும் படிகளில் மேல் டிவிசனுக்குச் சுமந்தார்கள். இரண்டாம் நாள் மாலையே பெட்டி ஓய்ந்துவிட்டது. காரணம், அந்தப் பற்றரி நான்கு மாதங்களாகச் சார்ஜ் செய்யப்படாமல் ஸ்டோரில் கிடந்ததுதான். குறை பற்றரியில் இல்லை, எங்களிடமே இருந்தது. சுமக்க முடியாத ஒன்றைத் தெரிவு செய்தோம். அதைக் கவனிக்கவும் தவறினோம்.

முதலில் கணக்கு, பிறகு கடை

மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுபவருக்கு மின்சாரக் கணக்கு கடினமாக இராது. தாங்கியிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு போன்றது அம்பியர். தாங்கி எவ்வளவு கொள்ளும் என்பதே அம்பியர் மணி. 6 அம்பியர் மணிப் பற்றரி என்றால், ஒரு அம்பியர் வீதம் எடுத்தால் ஏறத்தாழ 6 மணித்தியாலம் வரும்.

5 வாட் சக்தியுள்ள ஒரு சிறிய சிற்றலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கேட்கும்போது ஏறத்தாழ 0.4 அம்பியரும், பேசும்போது ஏறத்தாழ 2 அம்பியரும் எடுக்கும். (உங்கள் பெட்டியின் சரியான அளவு அதன் கைந்நூலில் இருக்கும்.)

முறை 1: நாளுக்கு 10 மணித்தியாலம் பெட்டியைத் திறந்தே வைக்கிறோம். அதில் 1 மணித்தியாலம் பேசுகிறோம்.
கேட்க: 9 x 0.4 = 3.6
பேச: 1 x 2 = 2
ஒரு நாளுக்கு 5.6 அம்பியர் மணி. மூன்று நாளைக்கு 16.8.

முறை 2: காலை முதல் மாலை வரை, ஒவ்வொரு மணியின் முதல் 10 நிமிடம் மட்டும் திறக்கிறோம். 12 தடவை, மொத்தம் 2 மணித்தியாலம். அதில் அரை மணித்தியாலம் பேசுகிறோம்.
கேட்க: 1.5 x 0.4 = 0.6
பேச: 0.5 x 2 = 1
ஒரு நாளுக்கு 1.6 அம்பியர் மணி. மூன்று நாளைக்கு 4.8.

அதே பெட்டி, அதே மூன்று நாட்கள். நேரம் வகுத்துக்கொண்டதால் தேவை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு சதம் செலவில்லாமல் பற்றரியின் நிறையைக் குறைக்கும் வழி இது. ஆனால் மறுமுனையில் இருப்பவரும் அதே நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே நேர அட்டவணையை மழைக்காலத்துக்கு முன்பே பேசித் தீர்மானியுங்கள்.

100 வாட் பெட்டி வேண்டும் என்று சிலர் விரும்புவார்கள். அது முழுச் சக்தியில் பேசும்போது 20 அம்பியர் அளவு எடுக்கும். 6 அம்பியர் மணிப் பற்றரியை அது 20 நிமிடத்துக்குள் குடித்துவிடும். சிறிய பற்றரிகள் பல அவ்வளவு மின்னோட்டத்தைக் கொடுக்கவும் மாட்டா. நடந்து சுமக்க வேண்டிய இடத்தில் 5 வாட் பெட்டியும் ஒழுங்காகக் கட்டிய கம்பியும் நல்லவை.

பற்றரியில் நான்கு வகை

1. ஈய அமிலப் பற்றரி. ஒரு கலத்துக்கு 2 வோல்ட்; 6 கலங்கள் சேர்ந்து 12 வோல்ட். அலாரப் பெட்டிகளிலும் கணினிக்கான யூ.பி.எஸ். பெட்டிகளிலும் இருக்கும் மூடிய சிறிய பற்றரி இந்த வகையே. விலை குறைவு, டவுனில் கிடைக்கும். ஆனால் பாரம் அதிகம். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவில் குறையும். ஆகவே 12 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் 6 என்றே கணக்கிடுங்கள்.

2. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட். டோர்ச்சுக்குப் போடும் சிறு பற்றரி வடிவில் வருவது. மீண்டும் சார்ஜ் செய்யலாம். ஒன்று 1.2 வோல்ட். 10 பற்றரிகளை வரிசையாகப் போட்டால் 12 வோல்ட், ஏறத்தாழ 2 அம்பியர் மணி, நிறை 300 கிராம் அளவு. ஒரு நாள் தேவைக்கு இது நல்ல துணைப் பற்றரி.

3. லிதியம் அயன். கைத்தொலைபேசியிலும் கையில் பிடிக்கும் வானொலியிலும் இருப்பது. மிக இலகுவானது. ஒரு கலம் 3.6 அல்லது 3.7 வோல்ட், முழுதாக நிரம்பினால் 4.2. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பெட்டிகள் 13.8 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டவை, 11.7 முதல் 15.8 வரை தாங்கும் என்று பல கைந்நூல்கள் சொல்லும். 3 கலங்கள் போட்டால் நிரம்பும்போது 12.6 வோல்ட், சீக்கிரமே 11.7க்குக் கீழே வந்துவிடும். 4 கலங்கள் போட்டால் நிரம்பும்போது 16.8; அது பெட்டியைப் பழுதாக்கலாம். மேலும் இந்த வகை அடிபட்டாலும், பிழையாகச் சார்ஜ் செய்தாலும் தீப்பற்றும் அபாயம் உள்ளது.

4. லிதியம் இரும்புப் பொஸ்பேற்று. கடைக்காரர்கள் எல்.எஃப்.பி. என்பார்கள். ஒரு கலம் 3.2 வோல்ட், 4 கலங்கள் 12.8 வோல்ட். நிரப்பும்போது 14.6 வரை போகும். நமது பெட்டியின் அளவுக்குள் இது சரியாக அடங்குகிறது. 80 வீதம் வரை பயன்படுத்தலாம். நன்றாகக் கவனித்தால் ஆயிரம் தடவைக்கு மேல் சார்ஜ் செய்யலாம். லிதியம் அயனை விடத் தீ அபாயம் குறைவு. அபாயமே இல்லை என்று நினைக்க வேண்டாம். விலை ஈயப் பற்றரியை விட அதிகம்.

இப்போது மூன்று நாள் கணக்கை நிறையாக மாற்றிப் பார்ப்போம். முறை 2க்கு 4.8 அம்பியர் மணி வேண்டும். ஈயப் பற்றரி என்றால் 12 அம்பியர் மணி, ஏறத்தாழ 3.5 முதல் 4 கிலோ. எல்.எஃப்.பி. என்றால் 6 அம்பியர் மணி, ஏறத்தாழ 800 கிராம். முறை 1க்கு ஈயப் பற்றரி 10 கிலோவைத் தாண்டும், எல்.எஃப்.பி. 2.5 கிலோ அளவு.

எனவே எங்கள் ஆலோசனை இதுதான். பெட்டி ஓரிடத்திலேயே இருக்கும் என்றால், ஈயப் பற்றரி போதும். மிச்சப் பணத்தை வேறு தேவைக்கு வையுங்கள். மலை ஏறிச் சுமக்க வேண்டும் என்றால், நேர அட்டவணையோடு 6 முதல் 10 அம்பியர் மணி வரையான ஓர் எல்.எஃப்.பி. பற்றரி நல்லது. ஒரு குடும்பம் தனியாக வாங்க வேண்டிய பொருள் அல்ல இது. சங்கமாகவோ லயமாகவோ சேர்ந்து வாங்கி, பொறுப்பாளர் ஒருவரிடம் கொடுங்கள்.

பற்றரிக்குத் தக்க சார்ஜர்

"பின் பொருந்துகிறது, ஆகவே சார்ஜரும் பொருந்தும்" என்று நினைப்பது பெரும் தவறு. ஒவ்வொரு வகைக்கும் சார்ஜர் வேறு.

ஈயப் பற்றரி: 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிரம்பியதும் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்கும் சார்ஜர். மின்னோட்டம் கொள்ளளவில் பத்தில் ஒன்று இருந்தால் நல்லது. 12 அம்பியர் மணிக்கு 1.2 அம்பியர். நிரம்ப 12 மணித்தியாலம் அளவு பிடிக்கும்.

நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்: நிரம்பியதும் தானாக நிற்கும் சார்ஜர். சாதாரண மலிவுச் சார்ஜரில் நாட்கணக்கில் போட்டுவைத்தால் சூடாகிக் கெடும்.

எல்.எஃப்.பி.: 14.4 முதல் 14.6 வோல்ட்டில் நிற்கும், அந்த வகைக்கென்றே செய்த சார்ஜர். 6 அம்பியர் மணிப் பற்றரிக்கு 2 அம்பியர் சார்ஜர் போதும். மூன்று, நான்கு மணித்தியாலத்தில் நிரம்பிவிடும். மின்சாரம் இடையிடையே வந்து போகும் நாட்களில் இந்த வேகம் பெரிய உதவி. கார் பற்றரியைப் "புதுப்பிக்க" உயர் வோல்ட் துடிப்புக் கொடுக்கும் சார்ஜரை இதற்குப் போடக்கூடாது.

எல்.எஃப்.பி. பற்றரியின் உள்ளே ஒரு பாதுகாப்புச் சுற்று இருக்கும். அளவுக்கு மேல் இறங்கினால் அது பற்றரியைத் துண்டித்துவிடும். மானியில் ஒன்றும் காட்டாது. செத்துவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். சரியான சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் மீண்டும் வேலை செய்யும்.

இன்னொரு வித்தியாசம்: ஈயப் பற்றரியை ஓய்வில் வைத்து அளந்தால் 12.7 வோல்ட் நிறைவு, 12.2 வோல்ட் ஏறத்தாழப் பாதி என்று அறியலாம். எல்.எஃப்.பி. கடைசிவரை 13 வோல்ட்டை ஒட்டி நின்று, பிறகு திடீரென்று விழும். ஆகவே மானியை மட்டும் நம்பாமல், எத்தனை நிமிடம் கேட்டோம், எத்தனை நிமிடம் பேசினோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்.

சோலார் தகடு

20 வாட் தகடு ஒன்று நல்ல வெயிலில் ஓர் அம்பியருக்குச் சற்று மேல் தரும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் நல்ல வெயில் கிடைத்தால், இழப்புப் போக ஏறத்தாழ 3 அம்பியர் மணி சேரும். நமது தேவை 1.6 தான். ஆனால் மூடுபனியும் தொடர் மழையும் உள்ள நாளில் இதில் ஐந்தில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஆகவே சோலார் தகட்டை நம்பிப் பற்றரியைச் சிறிதாக வாங்காதீர்கள். மூன்று நாளைக்குப் பற்றரி, நாலாம் நாளுக்குச் சோலார் என்று வையுங்கள்.

தகட்டுக்கும் பற்றரிக்கும் இடையில் கட்டுப்படுத்தி ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் பற்றரியின் வகையைச் சரியாகத் தெரிவு செய்யுங்கள். சில கட்டுப்படுத்திகளும் சில மலிவுச் சார்ஜர்களும் சிற்றலையில் இரைச்சலை உண்டாக்கும். தூரத்துக் குரல் அதில் அமிழ்ந்துவிடும். வாங்கும் முன் வானொலியை அருகில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். இரைச்சல் இருந்தால், பேசும் 10 நிமிடமும் தகட்டைக் கழற்றிவிட வேண்டும்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. சில வருடங்களில் தை, மாசியில் தேயிலையில் உறைபனி விழுகிறது. லிதியம் பற்றரிகளைச் சுழியம் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. பற்றரியை இரவில் வீட்டுக்குள் வைத்து, வெயில் ஏறிய பின் இணையுங்கள்.

கைத்தொலைபேசிப் பிரச்சினை

இது முகாமில் இருந்தவர்களுக்குப் புரியும். பற்றரி இருக்கிறது என்று தெரிந்தவுடன் எல்லோரும் கைத்தொலைபேசியோடு வருவார்கள். குற்றமில்லை, பிள்ளையின் குரலைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இராது? ஆனால் ஒரு கைத்தொலைபேசியை முழுதாக நிரப்பினால் 6 அம்பியர் மணிப் பற்றரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மூன்று பேர் வந்தால் வானொலி ஊமையாகிவிடும். பொறுப்பாளரை எல்லோரும் கோபிப்பதற்கு முன், அமைதியான நாளிலேயே கூட்டம் கூடி ஒரு விதியைத் தீர்மானியுங்கள்: வானொலிப் பற்றரி வானொலிக்கு மட்டும். கைத்தொலைபேசிகளுக்கு, முடிந்தால், வேறொரு சிறு தகடும் பவர் பாங்கும் வையுங்கள்.

பாதுகாப்பு

லயன் அறையில் இடம் குறைவு. அடுப்பும் படுக்கையும் அருகருகே இருக்கும். ஆகவே கவனமாக இருங்கள்.

1. அடுப்பங்கரையிலும், கட்டிலின் கீழும், துணிகளுக்கு நடுவிலும் சார்ஜ் செய்யாதீர்கள். சீமெந்துத் தரையில், ஆள் பார்வையில் வைத்து, தூங்கப் போகும்முன் கழற்றிவிடுங்கள்.
2. பற்றரியின் நேர் முனைக்கு அருகிலேயே பியூஸ் போடுங்கள். 5 வாட் பெட்டிக்கு 5 அம்பியர் பியூஸ் போதும். திறப்போ கத்தியோ இரண்டு முனைகளையும் தொட்டால் கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும்.
3. சிவப்பு நேர், கறுப்பு எதிர். மாற்றிக் கொடுத்தால் பெட்டி போய்விடும். மாற்றிச் செருக முடியாத இணைப்பியைப் பயன்படுத்துங்கள்.
4. வீங்கிய, நசுங்கிய, நீரில் மூழ்கிய லிதியம் பற்றரியைச் சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்கு வெளியே வையுங்கள்.
5. ஈயப் பற்றரி சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வரும். சன்னலைத் திறந்து வையுங்கள். பழைய பற்றரியை உடைத்து வீட்டில் ஈயம் உருக்க வேண்டாம். அது பிள்ளைகளுக்கு நஞ்சு. ஓடையிலும் எறியாதீர்கள். பழைய பற்றரி வாங்கும் கடையில் கொடுங்கள்.

மாதம் ஒரு நாள்

ஒவ்வொரு மாதமும் ஒரு குறித்த நாளில் பற்றரியைப் பெட்டியில் இணைத்து, அரை மணி நேரம் கேட்டு, மீண்டும் நிரப்புங்கள். திகதியைப் பற்றரியின் மேலேயே எழுதுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் வரும். மஞ்சள் என்று கேட்டவுடனே, மின்சாரம் இருக்கும்போதே, பற்றரியைச் சார்ஜில் போடுங்கள். சிவப்பு என்றால் பற்றரியைப் பற்றி யோசிக்க நேரமில்லை. ஆட்களோடு வெளியேறுங்கள், பையில் தயாராக இருந்தால் மட்டும் அதையும் எடுங்கள். தொலைபேசி வேலை செய்யும்வரை, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவிக்கலாம்.

பின்வரிசை அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லலாம்: "அம்மா, 800 கிராம் பற்றரி, நேரம் பார்த்துப் பேசினால் மூன்று நாள் பேசும். ஆனால் போன மாதம் யாராவது அதை நிரப்பியிருக்க வேண்டும்."

குழுவாகக் கலந்துரையாட

1. நமது இடத்தில் பாதை அடைபட்டால், பெட்டியையும் பற்றரியையும் எவ்வளவு தூரம், எத்தனை படிகள் சுமக்க வேண்டும்? யார் சுமப்பார்?
2. நமது தேவைக்கு முறை 1இன்படியும் முறை 2இன்படியும் கணக்கிட்டுப் பாருங்கள். எந்தப் பற்றரி வேண்டும்?
3. மாதம் ஒரு தடவை நிரப்பும் பொறுப்பை யாரிடம் கொடுப்போம்? அவர் ஊரில் இல்லாதபோது யார் செய்வார்?
4. வானொலிப் பற்றரியில் கைத்தொலைபேசி சார்ஜ் செய்யலாமா? எந்த நிலையில் மட்டும் அனுமதிப்போம்?
5. அமெச்சூர் வானொலிப் பரீட்சைக்குப் படிக்க விருப்பமுள்ள இளைஞர், யுவதிகள் நம்மில் யார்?